இருபத்தாறில் நிற்காத தண்ணீர்

ஏசி மெக்கானிக்குகளில் இரண்டு ரகம் உண்டு. வந்த வேலையை முடித்துவிட்டுப் பேசாமல் கிளம்புகிறவர்கள் ஒரு ரகம். வேலை முடிந்த பிறகும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் வாசலில் நின்று வீட்டுக்காரர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இன்னொரு ரகம். நம்ம ஆள் இரண்டாவது ரகம். "ரிமோட்டைத் தூக்கி அலமாரில வைங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கிக்கிட்டே இருந்தா மிஷின் என்னதான் பண்ணும்?" என்று அவர் கேட்காத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் கூலிங்.

அந்தக் கூலிங்கின் வீட்டில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொட்டித் தண்ணீர் கொதித்துப்போனது. கூடத்துச் சுவரை ஒட்டி நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், கடல் மீன்கள், பாறைமேல் உயிருள்ள பவளங்கள். இரவுக் குளிரில் தண்ணீர் ஆறிவிடாமலிருக்க வைத்த ஹீட்டர், ஒரு நாள் மத்தியானம் அணையாமல் மாட்டிக்கொண்டது. அவர் அப்போது யார் வீட்டு மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, அவர்களுடைய படுக்கையறையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது தண்ணீர் முப்பத்து நாலு டிகிரி. ஒன்றும் மிஞ்சவில்லை. "ஊரையே குளுகுளுன்னு வெச்சிருக்கிறவன் வீட்டுல மீன் வெந்துபோச்சாம்" என்று உதிரிபாகக் கடையில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதை வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை.

இப்போது இருப்பது புதுத் தொட்டி. எட்டு மாதமாகிறது. ஆரஞ்சு நிற மீன் இரண்டு, ஒரு இறால், ஓரத்தில் குட்டிக் குட்டியாகச் சில பவளங்கள். நடுப்பாறை மட்டும் காலி. ஏன் காலி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அதற்கு விடை பல் டாக்டரம்மா வீட்டில் இருந்தது.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரம்மா வீட்டுப் பவளம், கல் போன்ற தண்டுகளின்மேல் தளதளவென்று விரல் விரலாக நீண்டு, நுனியெல்லாம் பச்சையாக மினுங்கும். தண்ணீர் அசைந்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாயும். மூன்று தலையாக, அதாவது மூன்று கொத்தாக வந்தது, பதினோரு வருஷத்தில் நாற்பது தலையாக வளர்ந்திருக்கிறது. டாக்டரம்மாவுக்கு வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே கிடைத்திருக்கும் வாடகை வீட்டில் தொட்டி வைக்க அனுமதியில்லை. பவளத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவருடைய கிளினிக் ஏசியை வருஷக்கணக்கில் பார்த்து வருகிறவர் என்ற உரிமையில் கூலிங் போய்க் கேட்டார். அந்தப் பவளத்துக்கு அவ்வளவு ஆசைப்பட்டார் மனிதர்.

டாக்டரம்மா சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "உங்க பழைய தொட்டிக் கதை எனக்குத் தெரியும். அதனால ஒரு பரீட்சை. ஏழு நாள். திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் தண்ணிச் சூடு தினமும் எவ்வளவு ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சுன்னு நோட்டுல எழுதுங்க. இருபத்தாறுக்கு இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. அதுக்கு மேல போகக் கூடாது. ஞாயிறு நாலு மணிக்கு நானே வரேன். சரியா இருந்தா பவளம் உங்களுக்கு. இல்லன்னா ஒரு பேங்க் மேனேஜர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"அரை டிகிரிதானே மேடம்? என் தொழிலே அதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.

வீட்டுக்கு வந்தவுடன் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். எல்லோரும் என்றால் மூன்று பேர். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் மனைவி, அவளுடைய தம்பி. மச்சினன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவன். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பிரேக் மிதித்து, சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் சும்மா இருக்காது.

"ஏழு நாளைக்கு யாரும் தொட்டிகிட்ட போகக் கூடாது. நான் மட்டும்தான் பார்த்துக்குவேன்" என்றார் கூலிங். மூன்று தலைகளும் பவ்யமாக ஆடின. இத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாடம் நடத்துகிற வாய் சும்மா இருக்குமா? தண்ணீர் குளிர்ந்தால் ஹீட்டர் திருகாணியை எப்படி ஏற்ற வேண்டும், சூடேறினால் மூடியைத் திறந்து மேலே சின்ன ஃபேனை ஓடவிட்டால் எப்படி ஆறும், அவசரத்துக்கு உறைந்த தண்ணீர் பாட்டிலை எப்படி மிதக்கவிடலாம் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். மூவரும் இதுவரை காட்டாத அக்கறையோடு கேட்டார்கள். அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மாலை ஏழே முக்காலுக்கு வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். அன்றைக்கு ஏறின உச்சத்தையும் இறங்கின அளவையும் அது தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். உச்சம் இருபத்தேழு புள்ளி மூன்று. தாழ்வு இருபத்தைந்து புள்ளி இரண்டு. திருகாணியைப் பார்த்தால் அவர் வைத்த இடத்தில் இல்லை, கொஞ்சம் மேலே இருந்தது. "லூசாயிடுச்சு போல" என்று முணுமுணுத்து, கொஞ்சம் கீழே திருப்பிவிட்டு, மனசில்லாமல் நோட்டில் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். ஹீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். புதன்கிழமை புது ஹீட்டரின் திருகாணியும் மேலே ஏறியிருந்தது. இருபத்து நாலே முக்காலிலிருந்து இருபத்தேழரை வரை தண்ணீர் ஊஞ்சல் ஆடியிருந்தது. தெர்மாமீட்டரையும் மாற்றினார். மீன்கள் மூலையில் ஒதுங்கி நின்றன. குட்டிப் பவளங்கள் வாயை மூடிக்கொண்டன. சாப்பிடும்போது அவர் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள்.

புதன் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு வேலை செய்திருந்தார். குளிர்பதனக் கிடங்குகளில் வைக்கிற சின்னப் பதிவுக் கருவி ஒன்று அவர் பையில் இருந்தது. வெப்பநிலையை நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்து, போனில் கோடாகக் காட்டும். அதைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். வியாழக்கிழமை ஏழரை மணிக்குப் போனைத் திறந்தால், கோடு ரம்பத்தின் பல்போல் இருந்தது. காலை ஐந்தரைக்கு ஏற ஆரம்பிக்கிறது. மத்தியானம் ஒன்றே முக்காலுக்குத் தடாலென்று விழுகிறது. மாலை ஐந்தேகாலுக்கு மறுபடி ஏறுகிறது.

கூலிங் இருபது வருஷமாக மிஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர். மிஷின் கெட்டால் கண்டபடி கெடும், கடிகாரம் பார்த்துக் கெடாது என்று அவருக்குத் தெரியும். ஐந்தரை, ஒன்றே முக்கால், ஐந்தேகால். இந்த மூன்று நேரமும் அவருக்கு நன்றாகப் பழக்கப்பட்ட நேரங்களாக இருந்தன. யோசனையோடே எழுந்து, வழக்கம்போல் திருகாணியைக் கொஞ்சம் கீழே திருப்பிவிட்டு, கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒன்றரைக்குப் பின்பக்கமாக வந்து படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நின்றார். அப்பா பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒன்று நாற்பதுக்கு மனைவி சாப்பிட வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து உறைந்த பாட்டில் ஒன்றை எடுத்தாள். தொட்டி மூடியைத் தூக்கி, பாட்டிலை மெதுவாக மிதக்கவிட்டாள். ஃபேனைப் போட்டாள்.

"ரொம்பச் சூடா இருக்காடா செல்லங்களா? பயப்படாதீங்க, அம்மா வந்துட்டேன்" என்றாள் மீன்களிடம்.

"அப்பாவும் வந்துட்டேன்" என்றார் கூலிங், திரைக்குப் பின்னாலிருந்து.

அவள் போட்ட கத்தலில் பக்கத்து அறைக் குறட்டை நின்றுபோனது. "ஐயோ! நீங்க வேலைக்குப் போகலையா?"

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கே நீ?"

அவளுக்கு முதலில் வெட்கம், அப்புறம் கோபம், கடைசியில் கண்ணில் தண்ணீர். "தினமும் மத்தியானம் வந்து பார்த்தா இருபத்தேழுக்கு மேல நிக்குது. நான் என்ன பண்ணுவேன்? பாட்டிலைப் போட்டு, கடைக்குக் கிளம்பறப்போ எடுத்துடுவேன். மறுபடி ஒரு தடவை நீங்க சாப்பிடாம எழுந்து போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்றாள். அவர் பாட்டிலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கை விறைத்துப்போனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அன்று மாலை கூடத்தில் விசாரணை நடந்தது. கூலிங் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். முதல் குற்றவாளி ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. "காலைல அஞ்சரை" என்று அப்பாவைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நான் எழுந்திரிக்கிற நேரம்தான். அதுக்கென்ன இப்போ? விடிகாலைல பார்த்தா இருபத்தஞ்சுகூட இல்ல. குளிர்ல அதுங்க நடுங்குது. நீதானே சொன்னே, குளிர்ந்தா திருகாணியை ஏத்தணும்னு? லேசா ஏத்தினேன்."

"தினமுமா?"

"தினமும்தான் குளிருது!"

"சாயங்காலம் அஞ்சேகால்."

மச்சினனின் வலது கால் தரையை அழுத்தியது. "மாமா, நான் வரப்போ மூடி திறந்து கெடக்குது, ஃபேன் ஓடுது, தண்ணி சரசரன்னு இறங்கிக்கிட்டு இருக்குது. வண்டி பள்ளத்துல இறங்குறப்ப எப்படி மாமா கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியும்? நீங்கதான் மறந்துட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சு மூடியைப் போட்டு ஃபேனை நிறுத்தினேன். அவ்வளவுதான்."

ஆக விஷயம் இதுதான். அப்பா ஏற்றினார், அதனால் மத்தியானம் கொதித்தது. கொதித்ததால் மனைவி குளிர வைத்தாள். குளிர்ந்ததால் மச்சினன் மூடினான். மூன்று பேரும் மற்ற இருவருக்குத் தெரியாமல், தான் ஒருவர்தான் தொட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு வாரம் முழுக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். கூலிங் அப்படியே சோபாவில் சாய்ந்தார். "வீட்டுக்குள்ளயே மூணு திருடங்க. நான் பாவம் ஹீட்டரை மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அப்பா போனை வாங்கிக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பார்த்தார். முப்பத்தோரு வருஷம் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதிய கண். "இரு. நேத்து ஏழே முக்காலுக்கு ஒண்ணு இறங்குதே, விடியிற வரைக்கும் இறங்கிக்கிட்டே போகுது. இந்த ட்ரிப் யாருது?"

மனைவியும் மச்சினனும் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"எட்டு மணிக்கு முன்னாடி நான் கடையை விட்டே கிளம்ப மாட்டேன்" என்றாள் மனைவி.

"நான் அப்போ குளிச்சிக்கிட்டு இருப்பேன்" என்றான் மச்சினன்.

கூலிங் தன் கையைப் பார்த்தார். தினமும் ஏழே முக்காலுக்கு வந்து, உச்சத்தைப் பார்த்துப் பயந்து, திருகாணியைக் கீழே திருப்பிய கை. அவர் இறக்கியதால்தான் விடிகாலையில் குளிர்ந்தது. குளிர்ந்ததால்தான் அப்பா ஏற்றினார். சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் அவர்தான்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ரிமோட்டை அலமாரில வைக்கச் சொல்லுவானாம்" என்று அப்பா சுவரிடம் சொன்னார். முதலில் மனைவிதான் சிரித்தாள். அப்புறம் மச்சினன். கூலிங்கும் சிரித்தார், வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நோட்டைப் பார்த்தார். ஐந்து நாள் பாழாய்ப் போயிருந்தது. பவளம் கையை விட்டுப் போய்விட்டது.

இருந்தாலும் திருகாணியை இருபத்தாறில் வைத்து, நால்வரும் தொடுவதில்லை என்று பேசி முடித்தார்கள். சனிக்கிழமை அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். விடிகாலையில் அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மனைவி ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல், தண்ணீர் தாகத்தோடு கடைக்குத் திரும்பினாள். மச்சினன் வாசலிலேயே நின்று, "உள்ள எவ்வளவு இருக்கு? சொல்லுங்க, நான் பார்க்க மாட்டேன்" என்று கத்தினான். ஏழே முக்காலுக்குக் கூலிங் துவைத்த துணிகளை மடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துணி மடித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு உச்சம் இருபத்தாறு புள்ளி மூன்று, தாழ்வு இருபத்தைந்து புள்ளி எட்டு. ஹீட்டர் யார் உதவியும் இல்லாமல் தானே எரிந்து தானே அணைந்தது. மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன.

ஞாயிறு மத்தியானம் அப்பா ஒரு புது நோட்டை நீட்டினார். "ஏழு நாளும் நேத்து மாதிரியே எழுதிடு. யாருக்குத் தெரியப் போகுது?" கூலிங் வாங்கிப் பேனாவைத் திறந்தார். திங்கள் என்று எழுதினார். அதற்கு மேல் எழுத வரவில்லை. தண்ணீர் முப்பத்து நாலுக்குப் போன அந்த மத்தியானம் கண் முன்னால் வந்து நின்றது. பரீட்சை பவளத்துக்காக வைத்தது, தனக்காக வைத்ததல்ல என்று நினைத்தார். நோட்டை மூடி அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்தார். பல் காட்ட வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு வருஷமாகப் போகாத அப்பா, வாயை இறுக்கி மூடிக்கொண்டு வணக்கம் சொன்னார். டாக்டரம்மா நின்றபடியே பழைய நோட்டைப் புரட்டினார். புருவம் மேலே போனது. "என்ன கூலிங் இது? அஞ்சு நாளா இது தண்ணித் தொட்டியே இல்ல, ரங்கராட்டினம்."

"எல்லாம் நாங்கதான் மேடம்" என்றார் கூலிங். "எங்க கைதான்."

அவர் போனில் இருந்த கோட்டைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த நிமிஷம் நால்வரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவரவர் நேரத்தை அவரவர் சுட்டிக்காட்டினார்கள். பட்டாணிப் பொட்டலமும் வந்தது, பிரேக்கும் வந்தது, குறட்டையும் வந்தது. அப்பா வாயை மூடிக்கொள்ள மறந்துபோனார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் தொட்டில பதினோரு வருஷமா கால் டிகிரி அசைஞ்சதில்ல" என்றார். "எப்படி டாக்டர்னு எல்லாரும் கேப்பாங்க. நானும் பெருமையா ஹீட்டரைப் பத்தி, ஃபேனைப் பத்தி எல்லாம் சொல்லுவேன். இப்பதான் தோணுது. காலைல எட்டுக்குப் பூட்டினா சாயங்காலம் ஏழுக்குத்தான் கதவைத் திறக்கறேன். அந்த வீட்டுல தொடறதுக்கு ஆளே இல்ல."

மனைவி தன் நாற்காலியை இழுத்து டாக்டரம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"பரீட்சைல நீங்க ஃபெயில்தான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா வியாதி எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டீங்க, ரெண்டு நாளா மருந்தும் வேலை செய்யுது. புதன்கிழமை வந்து பவளத்தை எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பதிவு மிஷினை எடுத்துடாதீங்க. வாராவாரம் கோட்டை எனக்கு அனுப்பணும்."

"ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா அனுப்பறேன் மேடம்!" என்றார் கூலிங்.

"அரை டிகிரி தாண்ட வேண்டாம். ஆனா ஒரேயடியா நேரா இருந்தா எனக்குப் பிடிக்காது" என்றார் அவர். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "கீழ் வரிசைல ரெண்டு பல் ஆடுது, நான் ஊருக்குப் போறதுக்குள்ள வந்துடுங்க" என்றார்.

புதன்கிழமை பவளம் வந்தது. இரண்டு நாள் எல்லா விரல்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாக நின்றது. நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு தவித்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தலை திறந்தது, மாலைக்குள் நாற்பதும் திறந்து சாய்ந்தாடின. கூலிங் வாசலுக்குப் போய் யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை கூலிங் முதல் வாரக் கோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எல்லா நாளும் ஒழுங்காக இருந்தது, அன்றைக்கு நாலு மணிக்கு மட்டும் சின்ன மேடு. புள்ளி நான்கு டிகிரி. தொட்டியை யாரும் தொடவில்லை. பவளத்தைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் அடைத்துக்கொண்டு நின்றதில் அறையே சூடாகியிருந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் அனுப்பினார்.

ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. பவளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"நாலு மணிக்கு யாரெல்லாம் வந்திருந்தாங்க?"

கூலிங் அதை உரக்கப் படித்தார். அப்பா டிப்போ ஆட்கள் மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னார். மச்சினன் தன்னிடம் கார் கற்றுக்கொள்ளும் ஐந்து பேரைச் சொன்னான். மனைவி கண்ணாடிக் கடைப் பெண்கள் இருவரையும், அவர்களில் ஒருத்தி கூட்டி வந்த அத்தையையும் சொன்னாள். கூலிங் சோபாவில் உட்கார்ந்து, யாரையும் விட்டுவிடாமல், ஒவ்வொருவரும் எங்கே நின்றார்கள், என்ன பேசினார்கள் என்பதையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார்.